பயில்வான் கேட்ட பாட்டு: போலந்தில் ஆறு நாள்

சின்ன வயதில் அப்பா சொன்ன, இந்தியக் குஸ்தி வீரர் காமா பயில்வானின் கதையில் ஒரு வெள்ளைக்காரர் வருவார். 1910 செப்டம்பரில் லண்டனில் காமாவோடு குஸ்தி போட்டவர். இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தே கிடந்து, தோற்காமல் தப்பித்தவர். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஆளையே காணவில்லை. கதையை அப்பா அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே முடிப்பார்.

அந்த ஆளின் பெயர் ஸ்தனிஸ்வாவ் சிகனியெவிச், குஸ்தி உலகில் ஸ்பிஷ்கோ. அவர் போலந்துக்காரர் என்பதும், அவரை மனதில் வைத்து ஃபிலிப் பயோன் என்ற இயக்குநர் 1979-ல் ஒரு படம் எடுத்தார் என்பதும் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. படத்தின் பெயர் 'ஆரியா த்லா அட்லெடி'. ஓபரா என்ற இசை நாடகத்தில் ஒருவர் தனியாக நின்று பாடும் பாட்டு ஆரியா. போலிஷில் அட்லெட்டா என்றால் ஓட்டப்பந்தயக்காரர் அல்ல. குண்டு தூக்கி, சங்கிலி அறுத்து, குஸ்தி போடும் ஆள். ஆக, 'பயில்வானுக்கு ஒரு பாட்டு'. கிஷிஷ்டோஃப் மைஹ்ஷாக் நடித்த குராலெவிச் என்ற அந்தப் பயில்வான் சர்க்கஸ் கொட்டகையில் தொடங்கி உலகப் புகழுக்குப் போகிறான். ஓபரா என்றால் அவனுக்கு உயிர்.

மூன்று முறை பார்த்தேன். கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 28, வார்சா

ஏழு டிகிரி. பொடி மழை. நாலே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. முந்தின நாள்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். ஊரே அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது.

பசியோடு ஒரு 'பார் ம்லெச்னி'க்குள் நுழைந்தேன். பால் கடை என்று அர்த்தம். உண்மையில் சாப்பாட்டுக் கடை. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளிகளுக்கு மலிவாகச் சாப்பாடு போட்ட இடங்கள், இன்றும் நடக்கின்றன. வரிசையில் நின்று, பணம் கட்டி, சீட்டை வாங்கிக்கொண்டு போய் ஜன்னலில் நீட்ட வேண்டும். சாப்பிட்ட தட்டை நாமே இன்னொரு ஜன்னலில் வைக்க வேண்டும். நான் வைக்காமல் எழுந்தேன். பக்கத்து மேசைப் பாட்டி ஒன்றும் பேசாமல் என் முழங்கையைத் தொட்டு, அந்த ஜன்னலைக் காட்டினார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இங்கே இப்படித்தான், அவ்வளவுதான்.

ஷூரெக் என்ற சூப் ஒன்பது ஸ்வோட்டி. கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் மாவைப் புளிக்க வைத்துச் செய்வது. முதல் வாய் எடுத்ததும் ஊறவைத்த கூழின் புளிப்பு நாக்கில் பட்டது. அந்தக் குளிருக்கு அப்படியொரு சுகம். அப்புறம் பியெரோகி, பதினாறு ஸ்வோட்டி. உருளைக்கிழங்கும் பால்கட்டியும் அடைத்த கொழுக்கட்டை, மேலே வதக்கிய வெங்காயம். பன்றிக் கொழுப்பைப் பொரித்து மேலே தூவுவார்கள் என்று எச்சரித்திருந்தார்கள். வேண்டாம் என்று சைகை காட்டினேன். பரிமாறிய அம்மா தலையாட்டிவிட்டு வெங்காயத்தை இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டார். ஒரு ஸ்வோட்டி அன்றைக்கு ஏறக்குறைய 21 ரூபாய் என்று கணக்குப் போட்டால், வயிறு நிறைய 525 ரூபாய். ஐரோப்பாவில் இது பெரிய விஷயம்.

அக்டோபர் 29, வார்சா

மழை விடவில்லை. தொண்டை கட்டத் தொடங்கியது.

சாயங்காலம் தியாத்ர் வியெல்கி. 1833-ல் கட்டிய பெரிய அரங்கம். போரில் இடிந்து, 1965-ல் திரும்பத் திறந்தது. மேல்மாடத்தில் கடைசி வரிசைச் சீட்டு எனக்கு. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்காமல் உள்ளே விடமாட்டார்கள். நனைந்த கோட்டோடு ஒருவர் உட்கார்ந்தால் மூன்று பேருக்கு ஈரம், சரிதான்.

நாடகம் 'ஹால்கா', மொனியூஷ்கோ இசை. 1858 ஜனவரி 1-ஆம் தேதி இதே ஊரில் நாலு அங்கமாக முதலில் அரங்கேறியது. மலையூர்ப் பெண் ஹால்கா. ஒரு ஜமீன்தார் பையன் அவளை ஏமாற்றிவிட்டு வேறொருத்தியை மணக்கிறான். அவளை நேசிக்கும் ஊர்க்காரன் யோன்டெக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். கடைசியில் அவள் ஆற்றில் குதித்துவிடுகிறாள்.

இரண்டாவது அங்கத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாகிறது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த வயதான அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே கைப்பையைத் திறந்து ஒரு புதினா மிட்டாய் எடுத்தார். காகிதச் சத்தம் கேட்கக் கூடாதென்று அதைப் பொறுமையாக, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். பிரித்த மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்தார். இடைவேளையில் நன்றி சொன்னபோது தன் பைனாகுலரையும் கொடுத்து, "நாலாவது அங்கத்தில் யோன்டெக் பாடும்போது இதில் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஊதுகருவிக்காரன் ஒருவன் வந்து கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறேன் என்கிறான். யோன்டெக் அவன் மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்குகிறான்: மலை உச்சியில் ஃபிர் மரங்கள் சலசலக்கின்றன. 'ஷூமியோ யோத்வி'. மேலே திரையில் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடின, ஆனால் அந்த இரண்டு சொல்லுக்கு உதவி தேவைப்படவில்லை. ஷ், ஷ் என்று காற்றே உள்ளே வருகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் பாடுகிறவரின் கழுத்து நரம்பு புடைப்பது தெரிகிறது; தோள் கொஞ்சமும் அசையவில்லை. இதுவும் உடம்பை வைத்துச் செய்கிற வேலைதான். மூச்சைக் கட்டி, அடிவயிற்றைப் பிடித்து, தேவையான இடத்தில் மட்டும் விடுவது. ஒரு பயில்வானுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. பாடகனின் கஷ்டம் முழுவதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் தோன்றியது. அந்தக் காலத் தொழில்முறைக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்று பல ஆட்டங்களில் முன்னாலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஸ்பிஷ்கோ வாழ்க்கையிலேயே உண்டு. 1925-ல் வேய்ன் மன் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரரைக் குஸ்தி சாம்பியன் என்று ஜோடித்து வைத்திருந்தார்கள். அவரிடம் தோற்றுக்கொடுப்பதாகப் பேச்சு. பிலடெல்பியாவில் மேடை ஏறிய ஸ்பிஷ்கோ பேச்சை மீறி உண்மையிலேயே மல்லுக்கட்டினார். மன்னால் தாங்க முடியவில்லை. பட்டம் கைமாறியது. அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவனுக்கு ஓபரா அரங்கம் எவ்வளவு பெரிய நிம்மதி! ஹால்கா சாகத்தான் போகிறாள் என்று கடைசி வரிசைவரை எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தெரிந்தே அழுகிறார்கள்.

அக்டோபர் 30, வூச்

எழுத்தில் லோட்ஸ் மாதிரி இருக்கும், சொல்வது 'வூச்'. படகு என்று பொருள். ஊரில் படகு விட ஆறு கண்ணில் படவில்லை; ஓடைகளையெல்லாம் தரைக்கடியில் மூடிவிட்டார்கள். துணி மில்களால் வளர்ந்த ஊர். பியோட்ர்கோவ்ஸ்கா தெரு நாலு கிலோமீட்டர் நேர்கோடு. நடந்து முடிப்பதற்குள் சாக்ஸ் நனைந்துவிட்டது.

திரைப்படப் பள்ளி 1948-லிருந்து இங்கே இருக்கிறது. வைடா, பொலான்ஸ்கி, கியெஷ்லோவ்ஸ்கி படித்தது இங்கேதான், பயோனும் இங்கேதான். வாசலில் நாலைந்து மாணவர்கள் சிகரெட்டோடு நின்றிருந்தார்கள். பயோன் படத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு பெண் 'மக்னாட்' பார்த்திருக்கிறேன் என்றாள். அது 1987-ல் வந்தது. பயில்வான் படத்தை நாலு பேரும் பார்த்ததில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் காரணம் புரிகிறது. 1979-ல் போலந்து சினிமா வேறு மும்முரத்தில் இருந்தது. கியெஷ்லோவ்ஸ்கியின் 'அமாடோர்' அந்த வருஷம்தான். அக்னியெஷ்கா ஹோலண்டின் 'கிராமப்புற நடிகர்கள்' அந்த வருஷம்தான். அன்றாட வாழ்க்கை, ஆபீஸ், கட்சி, மனசாட்சி இவற்றை நேருக்கு நேர் பார்த்த படங்கள். அடுத்த ஆண்டே சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கத்தின் எழுச்சி. அந்த நேரத்தில் ஒருவர் வந்து மீசை முறுக்கிய பயில்வான்களையும் சர்க்கஸ் கொட்டகையையும் ஓபராவையும் வைத்து, நூற்றாண்டுத் தொடக்கத்துக்குப் போய் ஒரு படம் எடுத்தால், அதற்கு எந்த வரிசையில் இடம்? மற்ற இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டில் என்னோடு தங்கியது இந்தப் படம்தான்.

பிற்பகல் சினிமா அருங்காட்சியகம். ஷைப்லர் என்ற மில் முதலாளியின் மாளிகை. உள்ளே ஒரு ஃபோட்டோபிளாஸ்டிகான் இருக்கிறது. பெரிய மரப் பீப்பாய் மாதிரி வட்டமான பெட்டி. சுற்றிலும் ஜோடி ஜோடியாகக் கண் வைக்கும் துளைகள், துளைக்கு எதிரே நாற்காலி. கண்ணை வைத்தால் ஒரு படம், ஆழத்தோடு. கொஞ்ச நேரத்தில் உள்ளே சக்கரம் நகர்ந்து அடுத்த படம். பித்தளை விளிம்பு மூக்கில் சில்லென்று படுகிறது. உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரே பெட்டிக்குள் பார்க்கிறோம், ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு படம். சினிமா கொட்டகைகள் பெருகும் முன்பு ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தது இதைத்தான். குராலெவிச்சின் காலம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் இரண்டு சுற்று உட்கார்ந்தேன்.

வெளியே ஒரு பழைய புத்தகக் கடை. குஸ்தி என்று எப்படிச் சொல்வது? கையால் பிடித்துக் காட்டினேன். கடைக்காரப் பெரியவர் யோசிக்கவே இல்லை. ஏணி போட்டு ஏறி ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். உள்ளே தபால் அட்டைகள். அதில் ஒன்று: பதினோரு பயில்வான்கள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள், மார்பில் பட்டை, அதில் பதக்கங்கள். எல்லோரும் கையைக் கட்டி, புஜம் பெரிதாகத் தெரிய முஷ்டியை அடியில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. தலை லேசாக இடது பக்கம் திரும்பியிருக்கிறது, பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டதுபோல. பெயர் எதுவும் அச்சடிக்கவில்லை. நாற்பது ஸ்வோட்டி. பேரம் பேச மனம் வரவில்லை. பெரியவர் அதை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூலால் கட்டிக் கொடுத்தார். அப்புறம் சுவரிலிருந்த காலண்டரில் நவம்பர் 1-ஐ விரலால் இரண்டு முறை தட்டி, வாயில் கவளம் போடுவதுபோல் காட்டி, இரண்டு கையையும் விரித்தார்.

அன்று கடை எதுவும் இருக்காது, சாப்பாடு வாங்கி வைத்துக்கொள் என்று சொன்னார் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

நவம்பர் 1, கிராகூவ்

நேற்று முழுக்கப் படுக்கை. காய்ச்சல்.

இன்று எல்லாப் புனிதர்களின் நாள். நாடே கல்லறைக்குப் போகிறது. நான் தங்கிய பகுதியில் ஒரு கடையும் திறக்கவில்லை. காலைச் சாப்பாடு ஒரு வாழைப்பழம். தெருமுனையில் நீல வண்டியில் ஒப்வஜானெக் விற்றவரைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. முறுக்கு மாதிரி பிரி முறுக்கி, வளையமாக்கி, எள்ளோ கசகசாவோ தூவிச் சுட்ட ரொட்டி. நாலு ஸ்வோட்டி. மூன்று வாங்கினேன்.

சிவப்புச் செங்கல்லில் கட்டிய சொகூவ் கட்டிடத்தைத் தேடிப் போய் வெளியே நின்று பார்த்தேன். சொகூவ் என்றால் ராஜாளி. 1867-ல் லிவூவில் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கம். சொந்த நாடு வரைபடத்தில் இல்லாத காலத்தில் போலந்துப் பையன்கள் இதன் கூடங்களில்தான் உடம்பு வளர்த்தார்கள். ஸ்பிஷ்கோ என்ற பெயரே சியென்கியேவிச்சின் நாவலில் வரும் இளம் வீரனுடையது. அந்தக் கதையில் இதே ஊரில்தான் ஸ்பிஷ்கோவைத் தலை வெட்டக் கூட்டிப் போவார்கள். ஒரு சிறுமி ஓடிவந்து தன் முக்காட்டை அவன் மேல் போட்டு, இவன் என்னுடையவன் என்பாள். வழக்கப்படி உயிர் தப்பும்.

இருட்டியதும் ரகோவிட்ஸ்கி கல்லறைத் தோட்டம். டிராம் நிறையக் குடும்பங்கள், மடியில் சாமந்திப் பூத்தொட்டி. வாசலில் மியோதெக் துரெட்ஸ்கி விற்கிறார்கள், 'துருக்கித் தேன்'. சர்க்கரையைக் காய்ச்சிக் கொட்டைப் பருப்புகள் போட்டு உடைத்தது. கடவாய்ப் பல்லில் கமர்கட்டுபோல் ஒட்டிக்கொள்கிறது. கிராகூவில் இந்த நாட்களில் கல்லறை வாசலில் வாங்கும் தின்பண்டம். உள்ளே எத்தனை ஆயிரம் அகல்! சிவப்பு, மஞ்சள், பச்சைக் கண்ணாடிக்குள் மெழுகு. அவ்வளவு கூட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. செருப்படியில் இலை நொறுங்குகிற சத்தம்தான். உண்டியல் குலுக்குகிறவர்கள் பழைய கல்லறைகளைச் செப்பனிடக் காசு கேட்கிறார்கள், போட்டேன்.

ஹெலேனா மொட்ஜெயெவ்ஸ்கா இங்கேதான் இருக்கிறார். பெரிய நாடக நடிகை, அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்திலும் புகழ்பெற்றவர். 1909-ல் கலிபோர்னியாவில் இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்தார்கள். அவரைச் சுற்றி அகல்களை வைக்க இடமில்லை. எனக்கு உடனே ஸ்பிஷ்கோ ஞாபகம். அவரும் அமெரிக்காவுக்குப் போனார். 1967-ல் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் ஜோசப் என்ற ஊரில் இறந்தார். இங்கே அவருக்கு ஒரு கல் இல்லை.

நவம்பர் 2, யோத்வோவா

ஸ்பிஷ்கோ 1880-ஐ ஒட்டி, ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவில், யோத்வோவா என்ற கிராமத்தில் பிறந்தார். டெம்பிட்சா வரை ரயில். அங்கிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் பஸ். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் 10.40 என்று தெளிவாக இருந்தது. பதினொன்றே கால் வரை நின்றேன். மூன்று டிகிரி, காற்று வேறு. காய்ச்சல் விட்ட உடம்பு வெடவெடத்தது.

ஒரு பழைய கார் நின்றது. ஓட்டியவர் அறுபது வயதுக்கு மேல், பக்கத்தில் மனைவி. அந்த அம்மா இறங்கி வந்து அட்டவணையைப் பார்த்து, 10.40-க்குப் பக்கத்தில் பொடியாக இருந்த 'எஸ்' எழுத்தைக் காட்டினார். "ஷ்கோவா" என்றார். பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும் ஓடும் பஸ். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். பின்சீட்டில் இருந்த சாமந்தித் தொட்டிகளை ஒதுக்கி எனக்கு இடம் செய்தார். ஒரு தொட்டியும் அகல்கள் நிறைந்த பையும் என் மடியில். அவருடைய அம்மாவின் கல்லறை அதே கிராமத்தில்தான். நேற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டதால் இன்று போகிறார்கள். பெரியவர் ஜெர்மனியில் வேலை பார்த்தவர், ஓரளவு ஆங்கிலம் பேசினார்.

காமா கதையைச் சொன்னேன். லண்டன் ஆட்டத்தை, அப்புறம் 1928 ஜனவரியில் ஸ்பிஷ்கோ பாட்டியாலாவுக்கே வந்து காமாவோடு மறுபடி மோதியதை, ஒரு நிமிடத்துக்குள் மல்லாந்ததை. அப்பாவின் கதையில் இந்தப் பகுதி வந்ததே இல்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல், பதினேழு வருஷம் கழித்து, அவ்வளவு தூரம் கப்பலில் வந்து தோற்றுப்போக ஒரு பயந்தாங்கொள்ளிக்கு என்ன அவசியம்? பெரியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வந்தாரே" என்று மட்டும் சொன்னார்.

1950-ல் ஜூல்ஸ் டாசின் லண்டனில் எடுத்த 'நைட் அண்ட் தி சிட்டி' படத்தில் ஸ்பிஷ்கோவே நடித்திருப்பதையும் சொன்னேன். போலிக் குஸ்தியை வெறுக்கும் கிழட்டுப் பயில்வான் வேடம். எழுபதை நெருங்கிய அந்த உடம்பு மேடையில் கட்டிப் புரளும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மைஹ்ஷாக்கின் பயில்வானும் இவரும் என் மனதில் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

யோத்வோவா, சரிவான புல்வெளி, ஓட்டு வீடுகள், தூரத்தில் கறுத்த காடு. பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். "யோத்வா, மரம்" என்றார் அம்மா, கையை மேலே கூர்மையாகக் குவித்து. "ஷூமியோ யோத்வி" என்றேன் நான். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

கல்லறையில் அவருடைய அம்மாவுக்குப் பூ வைத்து, அகல் ஏற்றி, ஈரத் துணியால் கல்லைத் துடைத்தார்கள். நான் தள்ளி நின்றேன். முடிந்ததும் அந்த அம்மா பையிலிருந்து ஓர் அகலை எடுத்து என்னிடம் கொடுத்து, நடுவில் நின்ற பெரிய சிலுவைக்குக் கூட்டிப்போனார். அதன் அடியில் நூறு அகலாவது எரிந்துகொண்டிருந்தது. யாருடைய கல்லறை தூரத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு இங்கே ஏற்றுவோம் என்று பெரியவர் மொழிபெயர்த்தார். காற்றில் மூன்று தீக்குச்சி வீணாயிற்று. நாலாவதுக்கு இரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்று கையால் காற்றை மறைத்துக்கொண்டார்கள். பிடித்தது. தகர மூடியைப் போட்டேன்.

திரும்பும்போது பெரியவர் படத்தின் பெயரைக் கேட்டார். தபால் அட்டை கட்டியிருந்த அட்டையின் ஓரத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். மைஹ்ஷாக்கை நன்றாகத் தெரியும், இந்தப் படம் தெரியாது என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வைப்பர் சத்தம் மட்டும். அப்புறம் முன்சீட்டிலிருந்து அந்த அம்மா மெல்லப் பாடத் தொடங்கினார், யோன்டெக்கின் பாட்டை. இரண்டாவது வரியில் கணவரும் சேர்ந்தார், சுருதி எங்கோ. குரல் ஏற வேண்டிய இடம் வந்ததும் அம்மா நிறுத்திவிட்டு, இதற்கு மேல் டெனர் குரல் வேண்டும் என்று விரலை ஆட்டினார். பெரியவர் நிறுத்தவில்லை. டெம்பிட்சா ஸ்டேஷன் வரும்வரை பாடிக்கொண்டே வந்தார்.